கோஸ்டில்லாவில் ஐந்து ஏக்கர் வாங்கலாமா?

கேள்வி: ஐயா, நாங்கள் டாலஸ் நகருக்கு அருகில் பதினோரு ஆண்டுகளாக வசிக்கிறோம். கணவர் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்க்கிறார். 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு குழந்தைகள். மாமியாரும் எங்களோடு இருக்கிறார். அவருக்கு மூச்சிரைப்பு உண்டு. சொந்த நிலத்தில் வீடு கட்டி, கீரை, காய்கறி, நான்கு ஆடு, பத்துக் கோழி என்று தற்சார்பாக வாழ வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கொலராடோ மாநிலத்தில் கோஸ்டில்லா கவுண்டியில் 5 ஏக்கர் 7,500 டாலருக்கு வருகிறது. மாதத் தவணையும் உண்டாம். புகைப்படத்தில் பின்னால் பனிமலை தெரிகிறது. மழை குறைவு என்று படித்தேன். நான் அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசல் காட்டில் வளர்ந்தவள். வறட்சி எனக்குப் புதிதல்ல. அரசாங்கம் இலவசமாகக் கொடுக்கும் நிலம் அங்கே இன்னும் இருக்கிறதா? அந்தக் கவுண்டி எங்களுக்குச் சரிவருமா? அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய விதைகள் ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.
ஒரு வாசகி, டெக்சஸ்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்த 5 ஏக்கரை வாங்காதீர்கள். கோஸ்டில்லா கவுண்டியே (நம் ஊர் மாவட்டம் போன்றது) வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் கவுண்டியில் எனக்கு மிகவும் பிடித்த ஊர்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றியும் எழுதுகிறேன். ஆனால் உங்களுக்கு விற்கப்படுவது ஒரு வகை நிலம், நீங்கள் கனவு காண்பது வேறு வகை நிலம். இரண்டுக்கும் நடுவே நிற்பது தண்ணீர்.

கோவையில் வேளாண் பொறியியல் படித்துவிட்டு கொலராடோவுக்கு வந்து, இருபது ஆண்டுகளாக மண்ணும் நீரும் பார்த்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். உங்களுடையதைப் போன்ற கடிதம் எனக்கு ஆண்டுக்கு நாலைந்தாவது வரும். எல்லாவற்றிலும் அந்தப் பனிமலைப் படம் இருக்கும். அது பெரும்பாலும் பிளாங்கா சிகரம், 14,000 அடிக்கு மேல் உயரம். மலை உண்மையானதுதான். ஆனால் அதன் பனி உருகி வரும் தண்ணீரில் ஒரு சொட்டுக்கூட அந்தத் துண்டு நிலத்துக்கு உரிமையானது அல்ல. விளம்பரத்தில் இல்லாத செய்தி அதுதான்.

உங்கள் கரிசல் காட்டிலிருந்தே தொடங்குகிறேன். அருப்புக்கோட்டைப் பக்கம் வறண்ட பூமிதான், மறுக்கவில்லை. ஆனாலும் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையைக் கரிசல் மண் மார்கழி, தை வரை தன் மடியில் வைத்துக் காக்கும். பருத்தியும் கம்பும் உளுந்தும் அந்த ஈரத்தில்தான் விளைகின்றன. கோஸ்டில்லா அமைந்திருக்கும் சான் லூயிஸ் பள்ளத்தாக்கின் தரைப்பகுதியில் ஆண்டு முழுவதும் பெய்வது ஏறக்குறைய 180 முதல் 250 மில்லிமீட்டர், அதாவது 7 முதல் 10 அங்குலம். மண்ணும் பல இடங்களில் மணலும் சரளையும்தான். பெய்ததைப் பிடித்து வைக்காது. நீங்கள் அறிந்த வறட்சி மழை தவறிப்போகும் ஆண்டுகளில் வருவது. இங்கே மழை தவறாத ஆண்டிலும் நிலைமை இதுதான். மானாவாரி என்ற சொல்லுக்கே இடமில்லாத பூமி இது.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1862ஆம் ஆண்டின் ஹோம்ஸ்டெட் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 160 ஏக்கர் அரசு நிலத்தை இலவசமாகக் கொடுத்தது. மேற்குப் பகுதிகளை நேரில் சுற்றி அளந்த ஜான் வெஸ்லி பவல், 1878இல் அரசாங்கத்துக்குக் கொடுத்த அறிக்கையில், இந்த வறண்ட நிலங்களில் அந்தக் கணக்கு செல்லாது என்று எழுதினார். பாசனம் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு 80 ஏக்கர் போதும். பாசனம் இல்லாமல் கால்நடை வளர்த்துப் பிழைக்க வேண்டுமென்றால் 2,560 ஏக்கர் வேண்டும் என்றார். உங்களுக்குக் காட்டப்படுவது 5 ஏக்கர், அதுவும் பாசனம் இல்லாத 5 ஏக்கர். நான்கு ஆடுகளுக்குக்கூட அதில் மேய்ச்சல் தேறாது. தீவனத்தை விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும்.

இலவச நிலம் பற்றிய கேள்விக்குச் சுருக்கமாகப் பதில்: இல்லை. அந்த ஹோம்ஸ்டெட் சட்டம் 1976இல் ரத்தானது. அலாஸ்காவில் மட்டும் இன்னும் பத்து ஆண்டு நீடித்தது. கோஸ்டில்லாவைப் பொறுத்தவரை, அங்கே அந்தச் சட்டத்துக்கு வேலையே இருந்ததில்லை. 1844இல் மெக்சிகோ அரசு வழங்கிய சாங்ரே டே கிறிஸ்டோ நில மானியத்துக்குள் அடங்கிய பூமி அது. ஏறக்குறைய பத்து லட்சம் ஏக்கர், ஆரம்பத்திலிருந்தே தனியார் சொத்து. அதனால்தான் கொலராடோவின் மற்ற மலைப்பகுதிகளில் இருப்பதுபோல் விறகு வெட்டவும் ஆடு மேய்க்கவும் அனுமதி கேட்டுப் போகக்கூடிய அரசுக் காடு இந்தக் கவுண்டிக்குள் அநேகமாக இல்லை. விறகடுப்பில் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

இந்த 5 ஏக்கர் துண்டுகள் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1969இல் பத்திரிகை அதிபர் மால்கம் ஃபோர்ப்ஸ் அங்கே ட்ரிஞ்செரா பண்ணையை வாங்கினார். 1970களின் தொடக்கத்தில் அதில் ஒரு பகுதி மனைகளாகப் பிரிக்கப்பட்டு நாடெங்கும் விளம்பரமானது. அந்தக் காலத்திலேயே மற்ற நிறுவனங்களும் மேற்கே சமவெளியைக் காகிதத்தில் கட்டம் கட்டமாக வெட்டி, தெருக்களுக்குப் பெயரும் வைத்து, தபாலில் விற்றன. ஆயிரக்கணக்கான துண்டுகள். வாங்கியவர்களில் பலர் தங்கள் மனையைக் கண்ணால் பார்க்காமலே இறந்துபோனார்கள், அவர்களுடைய பிள்ளைகள் வரி கட்டவில்லை, நிலம் ஏலத்துக்கு வந்தது, யாரோ எடுத்தார்கள், மறுபடி விற்றார்கள். உங்களுக்கு வந்திருக்கும் துண்டும் இப்படி நாலைந்து கை மாறியதாக இருக்கலாம். ஆகையால் வில்லங்கம் பார்க்காமல் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது. விற்பவர் எந்த வகைப் பத்திரம் எழுதித் தருகிறார் என்று கேளுங்கள். 'குவிட்கிளெய்ம்' என்றால், எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை விட்டுக்கொடுக்கிறேன் என்று மட்டுமே பொருள். உரிமை இருக்கிறது என்று அவர் உறுதி சொல்லவில்லை. தவணையில் வாங்கினால் கடைசித் தவணை வரை பத்திரம் உங்கள் பெயருக்கு வராமலும் இருக்கலாம்.

இனி தண்ணீர். கொலராடோவில் நிலம் வாங்கினால் அதன் அடியில் இருக்கும் தண்ணீரும் நம்முடையது என்று நம் ஊர் வழக்கப்படி நினைத்துவிடுகிறோம். இங்கே அப்படி இல்லை. யார் முதலில் தண்ணீரைப் பயன்பாட்டுக்கு எடுத்தாரோ அவருக்கே முதல் உரிமை. பிறகு வந்தவர் மீதம் இருந்தால் எடுத்துக்கொள்ளலாம். ரியோ கிராண்டே ஆற்றுப் படுகையில் மீதம் என்று ஒன்று இல்லாமல் போய்ப் பல தலைமுறை ஆகிவிட்டது. கீழே இருக்கும் நியூ மெக்சிகோவுக்கும் டெக்சஸுக்கும் இவ்வளவு தண்ணீர் விட்டே ஆக வேண்டும் என்று 1938இலேயே ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள்.

ஆகவே ஆழ்துளைக் கிணறு போட மாநில நீர்வளப் பிரிவின் அனுமதி வேண்டும். 35 ஏக்கரோ அதற்கு மேலோ இருந்தால், பொதுவாக வீட்டுத் தேவைக்கும், ஒரு ஏக்கர் வரை தோட்டத்துக்கும், சொந்தக் கால்நடைகளுக்கும் சேர்த்து அனுமதி கிடைக்கும். அதற்குக் குறைந்த பழைய மனைகளுக்குக் கிடைப்பது பெரும்பாலும் 'வீட்டு உபயோகத்துக்கு மட்டும்' என்ற அனுமதி. மட்டும் என்றால் மட்டும்தான். குளிக்கலாம், சமைக்கலாம், துணி துவைக்கலாம். வாசலில் ஒரு செடிக்கு ஊற்றக் கூடாது. கோழிக்குத் தண்ணீர் வைக்கக் கூடாது. உங்கள் ஆசையில் இருக்கும் கீரைப் பாத்தி, ஆடு, கோழி மூன்றும் அந்த ஒரு சொல்லிலேயே அடிபட்டுப்போகின்றன.

கூரை மழைநீரைப் பிடிக்கலாமே என்பீர்கள். 2016 வரை சாதாரணமாக அதற்கும் அனுமதி இல்லை. இப்போது ஒரு வீட்டுக்கு இரண்டு பீப்பாய், சேர்த்து 110 காலன் (ஒரு காலன் சுமார் 3.8 லிட்டர்) வரை பிடித்துத் தோட்டத்துக்கு ஊற்றலாம். கிணற்று அனுமதி உள்ள கிராமத்து வீடுகளுக்கு 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கூடுதலாகப் பிடிக்க வழி உண்டு. ஆனால் கிணற்றுத் தண்ணீரை எதற்குப் பயன்படுத்தலாமோ அதற்குத்தான் அந்த மழைநீரையும் பயன்படுத்தலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 1,500 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 8 அங்குல மழையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் சேர்ந்தால் ஏறக்குறைய 7,500 காலன். 2,000 சதுர அடிக் காய்கறித் தோட்டத்துக்கு அந்த வெயிலிலும் காற்றிலும் ஒரு பருவத்துக்கு ஒன்றரை அடி தண்ணீர் என்று வைத்துக்கொண்டாலே 22,000 காலனுக்கு மேல் வேண்டும்.

வண்டியில் கொண்டுவந்து நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரும்புக் கூண்டுக்குள் வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி பார்த்திருப்பீர்கள். 275 காலன் கொள்ளும். நிரம்பினால் ஆயிரம் கிலோவுக்கு மேல் கனக்கும். சாதாரண பிக்கப் வண்டிகள் பலவற்றின் முதுகு அதைத் தாங்காது. ஒருவருக்கு நாளைக்கு 40 காலன் என்று சிக்கனமாக வைத்தாலும் உங்கள் ஐந்து பேருக்கு அந்தத் தொட்டி ஒன்றரை நாளைக்கு வராது. ஒரு ஜனவரியில் நான் போய்ப் பார்த்த ஒரு குடும்பத்தின் தொட்டி இரவில் உறைந்து, அடிக்குழாய் விரிசல் விட்டிருந்தது. அந்த வீட்டு அம்மா சம்மட்டியால் பனிக்கட்டியை உடைத்து, அடுப்பின் மேல் அண்டாவில் போட்டு உருக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவருடைய மகன் பல் துலக்கும் குவளையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். அந்தக் குடும்பம் உழைப்புக்குச் சளைத்தது அல்ல. உங்களைப் போலவே ஆசையோடு வந்தவர்கள். அடுத்த வசந்தத்துக்குள் கிளம்பிவிட்டார்கள்.

குளிரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோஸ்டில்லாவில் இருக்கும் சான் லூயிஸ் ஊர் கிட்டத்தட்ட 8,000 அடி உயரத்தில் இருக்கிறது. நம் ஊட்டியைவிட உயரம், தொட்டபெட்டாவுக்குச் சற்றுக் கீழே. பக்கத்து நகரமான அலமோசாவில் ஜனவரி இரவுகளில் வெப்பநிலை சராசரியாகவே பூஜ்யத்துக்குக் கீழ் 18 டிகிரி செல்சியஸ் அளவுக்கு இறங்கும். 1948 ஜனவரியில் அங்கே பூஜ்யத்துக்குக் கீழ் 50 டிகிரி ஃபாரன்ஹீட் பதிவாகியிருக்கிறது. பயிருக்கு இதைவிட முக்கியம் கடைசிப் பனி. ஜூன் முதல் வாரத்திலும் உறைபனி விழும். செப்டம்பர் முதல் பாதியிலேயே மறுபடி வந்துவிடும். நடுவே கிடைப்பது 90 முதல் 100 நாள். உருளைக்கிழங்கு, பார்லி, குதிரைமசால், பட்டாணி, கேரட், பூண்டு எல்லாம் அருமையாக வரும். தக்காளிக்கே கண்ணாடிக்கூடமோ பிளாஸ்டிக் கூடாரமோ வேண்டும்.

மாமியாரின் மூச்சிரைப்பை நீங்கள் ஒரு வரியில் எழுதிவிட்டு நகர்ந்துவிட்டீர்கள். நான் நகர முடியவில்லை. 8,000 அடியில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் முக்கால் பங்குதான். பெரிய மருத்துவமனைக்கு அலமோசா போக வேண்டும். சான் லூயிஸிலிருந்து 40 மைலுக்கு மேல். பனி கொட்டிய இரவில் மண் சாலையிலிருந்து நெடுஞ்சாலைக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. அவருடைய நுரையீரல் மருத்துவர் சரி என்று சொல்லாமல் இந்த யோசனையில் ஓர் அடிகூட முன்னே வைக்காதீர்கள். அவர் சொல்வது 'வேண்டாம்' என்றால் இந்தக் கடிதத்தின் மீதியைப் படிக்கவே தேவையில்லை.

மருத்துவர் அனுமதித்தார் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதம், அதே கவுண்டியில் ஃபோர்ட் கார்லண்ட் என்ற ஊருக்குத் தென்மேற்கே ஒரு 5 ஏக்கர் மனையைப் பார்க்கப் போயிருந்தேன். வரைபடத்தில் நான்கு பக்கமும் தெரு இருந்தது. நேரில் இரண்டு டயர் தடம். அதுவும் பாதி வழியில் புதருக்குள் மறைந்துவிட்டது. கைப்பேசியின் இடங்காட்டியை வைத்து நடந்துதான் மூலையைக் கண்டோம். காற்று நிற்கவே விடவில்லை. நாங்கள் ஒருவருக்கொருவர் கத்திப் பேசினோம். மண் துளைப்பான் 14 அங்குலம் இறங்கியதும் 'ணங்' என்று நின்றது. எடுத்துப் பார்த்தால் சுண்ணாம்புபோல வெள்ளைக் கட்டி. நான் எப்போதும் ஒரு சின்னப் புட்டியில் வினிகர் வைத்திருப்பேன். இரண்டு சொட்டு விட்டதும் சோடாபோலப் பொங்கியது. சுண்ணாம்புப் பாறைப் படுகை. சுற்றிலும் 'கிரீஸ்வுட்' என்ற முட்புதர். அது செழித்திருந்தால் மண்ணில் உப்பும் காரமும் இருக்கிறது என்று அர்த்தம். என்னோடு வந்தவர் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தார். அந்தக் கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வண்டிக்குத் திரும்பினார். அந்த நடை எனக்கு மறக்கவில்லை. அதனால்தான் பணம் கட்டுமுன் எழுதுகிறவர்களுக்கு இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

அந்தப் படுகை வேருக்கு மட்டும் தடை அல்ல. கழிவுநீர்த் தொட்டி அமைக்கவும் அதுவே இடைஞ்சல். கவுண்டி அனுமதி கொடுக்குமுன் மண் நீரை உறிஞ்சுகிறதா என்று சோதிக்க வேண்டும். உறிஞ்சாத மண்ணென்றால் பொறியாளர் வடிவமைத்த தனி அமைப்பு வேண்டும். அதன் செலவு நிலத்தின் விலையைப் போலப் பல மடங்கு ஆகலாம். முதலில் டிரெய்லரில் தங்கிக்கொண்டு மெல்லக் கட்டலாம் என்ற எண்ணமும் இருக்கும். அதற்கும் அனுமதியும் கால வரம்பும் உண்டு. 2015இல் இந்த விதிகளைக் கவுண்டி கடுமையாக அமல்படுத்தத் தொடங்கியபோது மனைகளில் குடியேறியிருந்தவர்களுக்கும் நிர்வாகத்துக்கும் பெரிய தகராறே நடந்தது. நான் கவுண்டியைக் குறை சொல்ல மாட்டேன். மொத்த மக்கள்தொகையே 2020 கணக்கெடுப்பில் 3,499 பேர். அவ்வளவு சின்ன நிர்வாகம் ஆயிரம் சதுர மைலுக்கு மேற்பட்ட பரப்பில் சாலையும் காவலும் தீயணைப்பும் பார்க்க வேண்டும்.

சமவெளி வேண்டாம், கிழக்கே மரங்கள் இருக்கும் மலைச்சரிவில் மனை பார்க்கலாமா என்றால் அங்கே தீ. 2018 ஜூன் 27 அன்று ஃபோர்ட் கார்லண்டுக்குக் கிழக்கே பிடித்த 'ஸ்பிரிங்' காட்டுத்தீ 1,08,000 ஏக்கரை எரித்தது. நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் போயின. வீட்டுக் காப்பீடு கிடைக்குமா, என்ன விலைக்கு என்பதை நிலம் வாங்குமுன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இனி எனக்குப் பிடித்த பக்கத்துக்கு வருகிறேன்.

அதே கவுண்டியின் தென்கிழக்கில் குலேப்ரா ஆறு மலையிலிருந்து இறங்குகிறது. அதன் கரையில்தான் சான் லூயிஸ், 1851இல் நிறுவப்பட்டது. கொலராடோவில் தொடர்ந்து மக்கள் வாழும் ஊர்களில் மிகப் பழையது. சுற்றிலும் சின்னச் சின்னக் கிராமங்கள். அங்கே பாசனம் 'அசேக்கியா' என்ற பொது வாய்க்கால்களில் நடக்கிறது. 'சான் லூயிஸ் மக்கள் வாய்க்கால்' என்ற அசேக்கியாவின் நீர் உரிமை 1852 ஏப்ரல் 10 தேதியிட்டது. மாநிலத்திலேயே முதல் உரிமை அதுதான். வாய்க்காலுக்கு ஒரு 'மயோர்டோமோ' இருப்பார். நம் ஊரில் ஏரிப் பாசனத்துக்கு நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தாரே, அதே வேலை: யாருக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் மடை திறக்க வேண்டும் என்று முறை வைப்பது. வசந்தம் வந்ததும் பாத்தியதை உள்ள குடும்பங்கள் மண்வெட்டியோடு கூடி வாய்க்காலைத் தூர்வாருகிறார்கள். முதன்முதலில் அதைப் பார்த்தபோது என் தாத்தா சொன்ன குடிமராமத்து கண் முன்னே நடப்பதுபோல இருந்தது. ஸ்பானிய மொழி பேசும் ஒரு பெரியவர் என் கையில் மண்வெட்டியைக் கொடுத்து, வரிசையில் ஓர் இடத்தைக் காட்டினார். தலைமடை, கடைமடை என்ற சொற்களை அவருக்கு விளக்கினேன்; உடனே புரிந்துகொண்டார்.

நிலமும் அதற்கேற்றபடியே பிரிந்திருக்கிறது. ஆற்றங்கரையில் தொடங்கி மேட்டுநிலம் வரை நீளும் ஒடுக்கமான பட்டைகள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆற்றுக்கரைப் புல், வாய்க்கால் பாயும் வயல், மேட்டுக் காடு மூன்றிலும் பங்கு கிடைக்க வேண்டும் என்பதற்காக அப்படி அளந்தார்கள். ஊருக்குப் பொது மேய்ச்சல் நிலம் இருக்கிறது. மலையில் விறகு, மரம், மேய்ச்சல் எடுக்க 1863இல் எழுதிக் கொடுக்கப்பட்ட உரிமை 1960க்குப் பிறகு மறுக்கப்பட்டு, 1981இல் வழக்காகி, 2002இல் கொலராடோ உச்ச நீதிமன்றத்தில் ஊர் மக்கள் பக்கம் தீர்ப்பானது. கவனியுங்கள்: அந்த உரிமை அந்தப் பழைய பட்டை நிலங்களோடு சேர்ந்தது. சமவெளியில் 5 ஏக்கர் வாங்கியவருக்கு அது கிடையாது. ஒரே கவுண்டி, ஒரே மலை, அரை மணி நேரப் பயணத் தூரம். ஆனால் அங்கே இரண்டு ஏக்கர் வாய்க்கால் நிலம் சமவெளியின் நாற்பது ஏக்கருக்குச் சமம் என்பேன்.

அது சுலபமாகக் கிடைக்காது, விலையும் அப்படி இருக்காது. பல குடும்பங்கள் விற்பதில்லை. 2009ஆம் ஆண்டுச் சட்டம் அசேக்கியாக்களுக்குச் சில அதிகாரங்களை உறுதி செய்திருக்கிறது. வாய்க்கால் வேலைக்கு ஆள் வர வேண்டும் என்று கேட்கலாம், நீர் உரிமை விற்பனைக்கு வந்தால் முதலில் வாங்கும் உரிமையைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். வெளியூர்க்காரர் நிலத்தை வாங்கித் தண்ணீரைப் பிரித்து விற்றுவிடுவாரோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு, நியாயமான பயம். ஆகவே ஏஜெண்டை நம்பிப் போக வேண்டாம். வாடகைக்கு ஒரு வீடு பார்த்து ஓராண்டு இருந்து பாருங்கள். கணவரின் வேலைக்கு இணைய வசதி எப்படி இருக்கிறது என்பதும், சின்னப் பள்ளிக்கூடம் குழந்தைகளுக்குப் பிடிக்கிறதா என்பதும் அந்த ஓராண்டில் தெரிந்துவிடும். ஒரு ஜனவரியும் காற்றடிக்கும் ஒரு ஏப்ரலும் அந்த ஓராண்டுக்குள் கட்டாயம் வர வேண்டும். ஜூலையில் மட்டும் போய்ப் பார்த்து முடிவு செய்தவர்கள்தான் என்னிடம் மிகுதியாக வருகிறார்கள்.

எப்படியும் ஒரு துண்டு நிலத்தைப் பற்றி விசாரிப்பதாக இருந்தால், அலமோசாவில் இருக்கும் மாநில நீர்வளப் பிரிவின் அலுவலகத்துக்கு மனை எண்ணைச் சொல்லித் தொலைபேசியில் கேளுங்கள்: இங்கே கிணறு போட்டால் என்ன வகை அனுமதி, தோட்டத்துக்கு உண்டா, கால்நடைக்கு உண்டா? பிறகு கவுண்டி அலுவலகத்தில் சாலையைப் பராமரிப்பது யார், செப்டிக் டேங்குக்கு என்ன விதி, பழைய வரிப் பாக்கி உண்டா என்று கேளுங்கள். இரண்டுக்கும் காசு செலவில்லை. ஒரு காலைப் பொழுது போதும். விற்பவர் 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று அவசரப்படுத்தினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். எனக்குத் தோன்றுவது, உங்கள் ஆசை மலை மேல் அல்ல, விளைச்சல் மேல். அப்படியானால் டாலஸிலிருந்து வடக்கும் கிழக்குமாகத் தேடுங்கள். கிழக்கு ஓக்லஹோமாவிலும் ஆர்கன்சாவின் ஓசார்க் மலைப்பகுதியிலும் ஆண்டுக்கு 40 அங்குலத்துக்கு மேல் மழை. பயிர்ப்பருவம் இரண்டு மடங்கு. கல் நிறைந்த மண், உண்ணித் தொல்லை, கோடையின் புழுக்கம் எல்லாம் உண்டு. ஆனாலும் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்ற யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்காது, உயரத்தால் மாமியாருக்கு மூச்சு வாங்கும் தொல்லையும் இருக்காது. உயரம் குறைவு, ஓரிரு ஆயிரம் அடிதான். சனிக்கிழமை காலையில் கிளம்பி நிலத்தைப் பார்த்துவிட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பலாம். கோஸ்டில்லாவுக்கு ஒரு வழிக்கே ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம்.

கடைசியாக, அந்த விதை டப்பா. கோஸ்டில்லாவில் உங்கள் கொத்தமல்லியும் வெந்தயமும் வரும். சக்கரவர்த்திக்கீரை நன்றாகவே வரும். அதன் உறவுப் பயிரான கீனோவாவை அந்தப் பள்ளத்தாக்கில் 1980களிலிருந்தே பயிரிட்டு வருகிறார்கள். வெண்டை, கத்தரி, கொத்தவரை, முருங்கை எதுவும் அங்கே வெளியில் பிழைக்காது. ஆனால் இவற்றில் முருங்கை தவிர மற்றவை டாலஸ் வெயிலில் கொண்டாட்டமாக வளரும். முருங்கையைத் தொட்டியில் வைத்துக் குளிர்காலத்தில் உள்ளே எடுத்துக்கொள்ளலாம். நிலம் அமையும்வரை விதையைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். வெண்டை விதையின் முளைப்புத்திறன் இரண்டு ஆண்டுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். ஏப்ரலில் மண் சூடேறியதும் உங்கள் கொல்லையிலேயே நாலு வரிசை ஊன்றுங்கள். முற்றிய காய்களை நெற்றாக விட்டு, அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்து, பெயரும் தேதியும் எழுதி வையுங்கள். எந்தக் கவுண்டிக்குப் போனாலும் அந்தப் புது விதைதான் உங்களோடு வர வேண்டும்.